திருமுறை ஓதலில் எழுத்தொலி: பீடோங் வட்டாரத்தை முன்வைத்து

திருமுறை ஓதுவது எழுத்தொலி, சொற்பிரிப்பு, பண் என்ற மூன்றின் மேல் நிற்கிறது. மூன்றும் சமமானவை அல்ல. எழுத்து மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் பொருள் கெடும். பொருள் கெட்ட பிறகு பண் எவ்வளவு இனித்தாலும் அது இசை, ஓதல் ஆகாது. மலேசியாவின் கெடா மாநிலம் கோலமூடா மாவட்டத்தில், பீடோங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டக் கோயில்களிலும், சமய வகுப்புகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகவே கொண்டு செல்கின்றன. முதலில் மெட்டு, அடுத்து மனப்பாடம், நேரமிருந்தால் எழுத்தொலி. மெட்டு பிடிபட்டவுடன் பெற்றோர் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆசிரியரும் அடுத்த பதிகத்துக்குப் போய்விடுகிறார்.

இப்படி ஆனதற்கு வரலாறு உண்டு. பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து வந்த முதல் தலைமுறை மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கும்பிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்துக் கோயிலில் உடுக்கையும் தாலாட்டும் கும்மியும் ஒலித்தன. தேவாரம் தோட்டத்துக்குள் வந்தது பள்ளி ஆசிரியர்கள் வழியாகவும், கிராணிமாராக, அதாவது தோட்ட எழுத்தர்களாக, வந்த யாழ்ப்பாணத்துச் சைவர்கள் வழியாகவும், பின்னர் வானொலி, இசைத்தட்டு, ஒலிநாடா வழியாகவும். பலர் எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்டே பதிகங்களைக் கற்றார்கள். அதில் தவறில்லை, ஓதுவார் மரபே காதுவழி மரபுதான். ஆனால் ஓதுவாரிடம் கற்ற பிள்ளைக்கு எதிரே ஆசிரியர் உட்கார்ந்திருந்தார், தவறு வந்த இடத்தில் நிறுத்தினார். ஒலிநாடா யாரையும் நிறுத்தித் திருத்தாது.

அடுத்த மாற்றம் தோட்டங்கள் கலைந்தபோது வந்தது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை ஏறியது. குடும்பங்கள் பீடோங், சுங்கைப்பட்டாணிக் குடியிருப்புத் தாமான்களுக்கு இடம்பெயர்ந்தன. பீடோங்கின் ஹார்வார்ட் தோட்டத்தின் பிரிவுப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இருக்கின்றன என்றாலும், தமிழ்ப் பிள்ளைகளில் கணிசமானோர் தேசியப் பள்ளியில் மலாய் வழியாகப் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்து தெரியாது. இவர்களுக்காகத்தான் தேவாரம் ரூமியில், அதாவது மலாய்மொழி எழுதப்படும் ரோமன் எழுத்தில், அச்சாகிறது. இன்று இந்த வட்டாரத்தில் கேட்கும் ஓதல் பிழைகளில் ஒரு பகுதி பேச்சுவழக்கிலிருந்து வருகிறது. மறு பகுதி ரூமியிலிருந்து. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

பேச்சுவழக்கை முதலில் பார்க்கலாம். தமிழ் எழுத்துகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் வகுத்துச் சொல்கிறது. அதன் விளக்கத்தில் இங்கே நமக்கு வேண்டிய வினைகள் இரண்டு: ஒற்றுதல், வருடுதல். நாக்கு ஓரிடத்தில் அழுந்தித் தொடுவது ஒற்றுதல். தடவிச் செல்வது வருடுதல். லகரத்துக்கு நாக்கு மேற்பல்லின் அடியில் ஒற்றும். ளகரத்துக்கு வருடும். ரகரமும் ழகரமும் நுனிநா மேலே எழுந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பவை. இன்று வகுப்பில் கற்பிக்கும்போது எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ல சொல்லும்போது நாநுனி பல்லடியில் நிற்கும், ள சொல்லும்போது பின்னுக்கு வளைந்து மேலே தொடும், ழ சொல்லும்போது அதைவிடப் பின்னுக்கு வளைந்து, தொடாமல் நிற்கும். அந்தத் தொடாமைதான் ழகரத்தின் உயிர். நாக்கு தொட்டுவிட்டால் அது ளகரம்.

மலேசியத் தமிழ்ப் பேச்சில் பழம் ‘பளம்’ ஆவதும் மழை ‘மளை’ ஆவதும் சாதாரணம். இது தோட்டத்தில் பிறந்த கோளாறு அல்ல. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் அன்றாடப் பேச்சில் இதே மாற்றம் உண்டு. சென்னைப் பேச்சில் ழகரம் யகரமாகத் தேய்ந்தது. அன்றாடப் பேச்சில் யாரும் குழம்புவதில்லை, சூழல் பொருளைக் காட்டிவிடும். ஓதலில் அந்தச் சூழல் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மொழியில், அன்றாடம் பழகாத சொற்களோடு, செறிந்து நிற்கும் பாட்டில் ஒலி ஒன்றே பொருளுக்கு வழி.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர்ப்பெயர் போதும். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் கடைசிப் பாடலான திருக்கடைக்காப்பில் தம்மைப் பெயர் சொல்லிக் குறிப்பது வழக்கம். அங்கே தாம் பிறந்த காழியின் பெயரையும் அடிக்கடி சேர்ப்பார். அந்த ஊர்ப்பெயரை ளகரத்தோடு சொன்னால் அது காளி. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பிள்ளை அப்படிப் பாடும்போது கேட்பவர்கள் அம்மனைப் பாடுவதாகவே எண்ணிக்கொள்ளலாம். ஊரைச் சொன்ன புலவர் தெய்வத்தைச் சொன்னவர் ஆகிவிடுகிறார், யாருக்கும் ஐயம்கூட எழுவதில்லை.

ரகர றகர வேறுபாடு இன்னும் மெல்லியது. தனித்து வரும் இடத்தில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அறம், அரம், கரை, கறை, இரை, இறை ஆகியவை எழுத்தில் மட்டும் பிரிந்து நிற்கின்றன. இறை என்பதை இரை என்று ஒலிப்பது ஓதலில் சின்ன விஷயம் அல்ல. றகரத்துக்கு நாநுனி அழுத்தமாக உருள வேண்டும். ரகரத்துக்கு ஒரு தட்டு போதும். இரட்டித்து வரும் றகரத்தை யாழ்ப்பாணத்தார் இன்றும் பழைய முறையில், இடையில் ரகரம் கலக்காமல், மேல் ஈற்றில் நாக்கை அழுத்தி ஒலிக்கிறார்கள். பழைய கிராணிமார் வீடுகளில் ஓதிய பெரியவர்களின் ‘வெற்றி’, ‘பற்று’ ஆகியவை தனியாகத் தெரிந்தது இதனால்தான்.

மூன்று னகரங்களில் ணகரம் ஒன்றே உண்மையான சிக்கல். மணம் மனம் ஆனால் பொருள் போச்சு. தந்நகரமும் றன்னகரமும் அப்படியல்ல. நகரம் பெரும்பாலும் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வரும். னகரம் பெரும்பாலும் மற்ற இடங்களில். அவை தாமே இடத்தால் பிரிந்து நிற்பதால் அவற்றுக்காக வகுப்பின் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

மாத்திரைக்கோ எத்தனை நேரம் செலவிட்டாலும் தகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. சம்பந்தரின் கட்டளைகள், அதாவது பாட்டின் சந்த அமைப்புகள், இந்த அளவின் மேல் கட்டப்பட்டவை. குறில்கள் செறிந்து முடுகி ஓடும் திருவிராகத்தில் ஒரு குறில் நீண்டாலும் ஓட்டம் தடுக்கும். ஓதுவோர் அதிகம் தவறுவது இங்கேதான், அதற்குக் காரணம் மெட்டு. சங்கதி போட இடம் தேடும் குரல் எந்த உயிரில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. பதம் பாதமாகிறது, மலை மாலையாகிறது, வரம் வாரமாகிறது. தேர்ந்த ஓதுவார் நெடிலிலும் அடியின் இறுதியிலும் குரலை விரிப்பார். குறிலைத் தொட்டுவிட்டு நகர்வார். தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றிப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார்கள் பிரிப்பார்கள். திருத்தாண்டகம், திருவிருத்தம் போன்றவற்றைச் சுத்தாங்கமாகத் தொடங்கிக் கற்பிப்பது நல்லது. தாளத்தின் துரத்தல் இல்லாதபோது எழுத்துகளின் அளவு காதுக்குத் தெளிவாகக் கேட்கும்.

இனி ரூமி. மலாய் எழுத்துமுறை மலாய்க்குப் பொருத்தமானது, எளிமையானது. தமிழை அதில் ஏற்றும்போது இழப்பு பல இடங்களில் நேர்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ண, ன, ந மூன்றுக்கும் ஒரே எழுத்து. ர, ற இரண்டுக்கும் ஒன்று. தரப்படுத்தப்பட்ட மலாயில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதால் உயிரின் நீளம் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. கலி, களி, கழி, காலி, காளி, காழி ஆகிய ஆறும் ரூமியில் ஒரே நான்கெழுத்துச் சொல்லாகிவிடலாம். அடையாளக் கார்டில் வள்ளியும் வல்லியும் ஒரே பெயராக நிற்பதைப் பார்த்துப் பழகிய சமூகத்துக்கு இது பெரிதாகத் தோன்றுவதில்லை. பெயருக்கு உரியவர் அருகில் இருக்கிறார், அவரைக் கேட்டுக்கொள்ளலாம். பதிகத்தைப் பாடியவரை அப்படிக் கேட்க முடியாது.

இரட்டித்த மெய்யும் மலாய்வழி வாசிப்பில் கரைந்துவிடும். பத்தி பதியாகும், சைவத்தில் இவ்விரண்டும் எவ்வளவு வேறு என்று சொல்ல வேண்டியதில்லை. தகரத்தையும் டகரத்தையும் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் பதியைப் படி என்று வாசிக்கும் பிள்ளையும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்கப்படாத ஒன்று எகரம். மலாயில் ஒரே எழுத்து இரண்டு உயிர்களுக்கு நிற்கிறது: ஒன்று தமிழ் எகரத்தை ஒத்தது, மற்றது வாயைச் சற்றே திறந்து ஒலிக்கும் மங்கலான உயிர். மலாய்ச் சொற்களில் இரண்டாவதுதான் அதிகம். தேசியப் பள்ளிப் பிள்ளை ரூமித் தேவாரத்தை எடுத்தவுடன் ‘எம்’, ‘என்’, ‘பெருமான்’ ஆகியவற்றின் எகரங்களையெல்லாம் அந்த மங்கலான உயிரால் வாசித்துவிடுகிறது. அது சோம்பலில் வருவதல்ல, பள்ளியில் ஒழுங்காக வாசிக்கக் கற்றதன் விளைவு. ஆகவே கண்டித்துப் பயனில்லை. காட்டித்தான் திருத்த வேண்டும்.

இந்தச் சிக்கல் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. யூதர்களின் தொழுகைக் கூடங்களில் அவர்களுடைய எபிரேய மொழி மறைநூலான தோராவை வாசிக்கும் முறை நல்ல ஒப்பீடு. தொலைவுக்குப் போகத் தேவையில்லை: பினாங்கு நாகூர் சாலையில் பாக்தாத் வழி யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று 1929 முதல் 1976 வரை இயங்கியது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட கூடம் இன்றும் நிற்கிறது. தோராச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். உயிர்க்குறிகளும் இசைக்குறிகளும் கிடையா. அக்குறிகளை ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை திபேரியா நகர அறிஞர்கள் வகுத்தார்கள். வாசிப்பவர் குறியிட்ட நூலை வைத்து முன்கூட்டியே பயின்று, சுருளின் முன் நிற்கும்போது அவற்றை நினைவிலிருந்து சேர்த்து வாசிப்பார். அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் நூலைப் பார்த்தபடி கவனிப்பார்கள். பொருளை மாற்றும் பிழை வந்தால் அங்கேயே நிறுத்தி அச்சொல்லை மீண்டும் வாசிக்கச் செய்வார்கள். பொருள் மாறாத சறுக்கலைப் பலர் விட்டுவிடுவார்கள். வாசிப்பவரைச் சபையில் கூச வைக்கக் கூடாது என்பதும் அவர்களுடைய எண்ணம்.

எபிரேயத்தில் ஆலெஃப், ஐன் என்று இரண்டு தொண்டையெழுத்துகள் உண்டு. இவற்றை மாற்றி ஒலிக்கும் பெத்சான், ஹைஃபா ஊர்க்காரர்களைத் தொழுகையை நடத்த முன்னிறுத்தக் கூடாது என்று யூதர்களின் பழைய சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. பிற்காலத்தில் ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் அவ்விரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கத் தொடங்கினர். ஊர் முழுதும் அப்படியே பேசுகிறது என்றால் அங்கே அவர்களில் ஒருவரே நடத்தலாம் என்று அறிஞர்கள் தளர்த்தினார்கள். அரபு மொழிச் சூழலில் வாழ்ந்த பாக்தாத், யேமன் யூதர்களோ பழைய வேறுபாட்டைக் காத்துவந்தனர். ஐரோப்பிய, பாக்தாத், யேமன் ஓதல்கள் ஒன்றுக்கொன்று வேறாக ஒலிக்கின்றன, எனினும் எதுவும் பிழையென்று தள்ளப்படுவதில்லை. ஊர்வழக்கு வேறு, பிழை வேறு என்ற தெளிவு அங்கே உண்டு.

அந்தத் தெளிவு பீடோங்கிலும் வேண்டும். சொல்லின் முதலில் வரும் சகரத்தை ஒருவர் மென்மையாகவும் மற்றவர் வல்லோசையாகவும் ஒலிக்கலாம். கங்கையின் முதல் ககரத்தை வடமொழி பழகியவர் எடுத்தும் மற்றவர் தமிழ் முறையிலும் சொல்லலாம். இவை வழக்கு வேறுபாடுகள், திருத்தத் தேவையில்லாதவை. ழகரத்துக்கு ளகரத்தை வைப்பதற்கும் யூத அறிஞர்களின் தளர்த்தலைக் காட்டி விலக்குக் கேட்கலாமா? கேட்க முடியாது. தொண்டையெழுத்தை இழந்த ஐரோப்பிய யூதருக்கு அதைக் கற்பிக்க ஊரில் ஆள் இல்லை. பீடோங்கில் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ழகரத்தைச் சரியாகச் சொல்லித்தரும் ஆசிரியர் இருக்கிறார். கற்க வழி இருக்கும்போது வழக்கைச் சாக்காகச் சொல்வது பொருந்தாது.

பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளைப் பார்த்தாலும் இது விளங்கும். அவர்களுக்கு அரபு தாய்மொழி அல்ல. ஆயினும் குர்ஆன் ஓதும்போது தஜ்வீத் விதிப்படி ஒவ்வோர் எழுத்தும் தொண்டையில், நாக்கில், உதட்டில் எங்கே பிறக்கிறது என்று பயின்ற பிறகே ஓசையழகுக்குப் போகிறார்கள். பிறப்பிடத்தைக் குறிக்க மக்ரஜ் என்ற சொல் உண்டு. தொல்காப்பியரின் பிறப்பியல் பேசுவதும் அதையேதான். அயல்மொழியை இவ்வளவு கவனத்தோடு கற்கும் மலாய்க் கிராமத்துக்குப் பக்கத்தில் தாய்மொழிப் பாடலைக் கவனமில்லாமல் பாடுவது கொஞ்சம் உறுத்துகிறது.

சொற்பிரிப்பு அடுத்தது. திருமுறைப் பதிப்புகளில் சொற்கள் புணர்ந்து நிற்கும். மூச்சு எங்கே விடுவது என்று தெரியாத பிள்ளை கைக்கு வந்த இடத்தில் வெட்டும். ஊர்ப்பெயர்களிலேயே இது தெரிந்துவிடும். திரு, ஆலவாய் என்று பிரிய வேண்டியது ‘திருவால வாய்’ ஆகிறது. திரு, ஐயாறு என்பது ‘திருவை யாறு’ ஆகிறது. சம்பந்தரின் திருவேகபாதத்தில் ஒவ்வொரு பாடலிலும் ஒரே அடி நான்கு முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறாகப் பிரிந்து வேறு பொருள் தருகிறது. திருமாலைமாற்றோ முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படி அமைந்தது. எழுத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்துப் பாடியவருடைய பாட்டில் எழுத்தை அசட்டை செய்வது எப்படிப் பொருந்தும்? தோரா வாசிப்பிலும் இதை ஒத்த கவலை உண்டு: ஒரு சொல் முடியும் எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினால் இரண்டையும் ஒட்டவிடாமல் சிறு இடைவெளி விட வேண்டும் என்று, காலை மாலை ஓதும் ‘ஷெமா’வுக்கு விதி இருக்கிறது. தமிழில் ஆசிரியர் செய்ய வேண்டியது எளிது. பதம் பிரித்த பாடத்தை முதலில் வாசிக்க வைத்து, பொருளைச் சொல்லி, அதன் பிறகு புணர்ந்த பாடத்துக்குப் போக வேண்டும்.

எதுகையும் நல்ல கருவி. ஒரு பாடலின் நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்து பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஓர் அடியில் ழகரத்தையும் மற்றோர் அடியில் ளகரத்தையும் சொல்லும் பிள்ளைக்கு அந்த நான்கு எழுத்துகளையும் வட்டமிடச் சொன்னால் போதும். தவறைத் தானே கண்டுகொள்ளும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, மனம் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் நாயன்மார்களில் கண்ணப்பரையும் சாக்கியரையும் காட்டுவார்கள். வாயில் கொணர்ந்த நீரையும் எறிந்த கல்லையும் இறைவன் ஏற்றானே என்பார்கள். யூத மரபிலும் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது: கல்லாத ஒருவன், அன்பு செய் என்ற சொல்லை நாக்குத் தடுமாறி, பகை கொள் என்று வாசித்தாலும் அந்தத் தடுமாற்றமே இறைவனுக்கு இனிது என்று பழைய உரை ஒன்று சொல்கிறது. இரண்டு மரபுகளும் இதை ஏற்கின்றன. அதே மூச்சில் சரியாகக் கற்கவும் சொல்கின்றன. கல்லாதவரின் அன்புக்குச் சொன்ன ஆறுதலைக் கற்கக்கூடியவர் விலக்காக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. தோட்டத்தில் எழுத்தறியாமல் பாடிய பாட்டிக்கு அது பொருந்தும். ஆறாம் ஆண்டு முடித்த பேரனுக்குப் பொருந்தாது.

ஓதலைக் காப்பது பெரிய ஏற்பாடு வேண்டும் காரியம் என்பதை முன்னோர் அறிந்திருந்தார்கள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவன் மகன் இராசேந்திரன் 1025 அளவில் கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், மேல் படையெடுத்தான். கெடாவின் மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் என்ற பழைய கோயிலின் கல்தளமும் இருக்கிறது. இவற்றைக் கொண்டு அன்றே கெடாவில் தேவாரம் ஒலித்தது என்று சொல்லிவிட முடியாது. இங்கே ஒலிக்கும் ஓதல் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் கிராணிமாரும் கொண்டுவந்தது. அதற்கு அரசமானியம் கிடைத்ததில்லை.

இன்றைக்கு இருக்கும் ஏற்பாடு போட்டிகள். 1965இல் தொடங்கப்பட்ட மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழா வட்டாரத்தில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று ஏறுகிறது. ரப்பர்க் காட்டுக்குள் இருந்த கோயிலின் பிள்ளைகளைப் பதிகத்தோடு மேடையில் நிற்க வைத்த பெருமை இத்தகைய விழாக்களுக்கு உண்டு. ஆனால் போட்டி ஆண்டுக்கு ஒரு நாள். பிழை வாரந்தோறும் வேர்விடுவது. திருத்தம் வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாட்டிலும் சமய வகுப்பிலும்தான் நடக்க வேண்டும். தோரா வாசிப்பைப் போல ஓதும் பிள்ளைக்குப் பக்கத்தில் நூலோடு ஒருவர் நின்று, பொருள் மாறும் இடத்தில் மட்டும் மெல்லச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். முதலில் குறில் நெடில், பிறகு இரட்டித்த மெய், அடுத்து ல ள ழ, ண ன, ர ற என்ற வரிசையில் போகலாம். மெட்டு அதன் பிறகு வரட்டும்.

ரூமி நூலை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக வரும் பிள்ளையின் கூச்சத்தைப் போக்க அது உதவும். நெடிலுக்கு மேற்கோடும், ழ, ள, ற, ண ஆகியவற்றுக்குத் தனிக்குறியும் இட்டு அச்சிட்டால் தீங்கு குறையும். ஆனாலும் அது முதல் ஆண்டோடு போதும். பேசத் தெரிந்த பிள்ளை தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சில மாதங்கள் போதுமானவை. சமய வகுப்பு நடத்தும் ஒவ்வொரு கோயிலும் அந்தச் சில மாதங்களை அரிச்சுவடிக்கு ஒதுக்கிவிட்டுத் தேவாரத்தைத் தொடங்க வேண்டும்.